'சும்மா இருந்தேன்' என்றால் எத்தனை கலோரி?

சொன்னால் பொறாமைப்படக் கூடாது. போன ஜனவரியில், வெளியாட்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாத ஓர் அறைக்குள் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். அழைப்பு எனக்கு இல்லை, என் அத்தைக்கு. வயது 76, எடை 52 கிலோ, உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வயதானவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி செலவழிக்கிறார்கள் என்று அளக்கும் ஓர் ஆய்வுக்குப் பெங்களூரில் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அல்சூரில் கோயில் வாசலில் வைத்து யாரோ கேட்க, அத்தை சரியென்று தலையாட்டிவிட்டார். துணைக்கு ஒருவர் வரலாம் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், நான் முந்திக்கொண்டேன். ஆய்வகத்தின் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பார்த்ததை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

காலை ஆறேகால். குளிரில் எனக்குப் பல் தந்தியடிக்கிறது. அத்தை தலையில் மப்ளர், கையில் துணிப்பை, முகத்தில் கடுகடுப்பு. கடுகடுப்புக்குக் காரணம் காபி. முந்தின ராத்திரி ஏழு மணிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக் கூடாது என்பது உத்தரவு. "எழுபத்தாறு வருஷத்துல விரதத்துக்குக்கூட நான் காபியை விட்டதில்லைடி" என்று ஆட்டோ முழுக்கப் புலம்பல். ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. அத்தை படிக்கட்டில் கால் வைக்கப் போனார். எங்கிருந்தோ ஓடி வந்த டெக்னீஷியன் தம்பி கைகளை விரித்து மறித்தார். "அஜ்ஜி, லிஃப்ட்! லிஃப்ட்!" படியேறினால் மூச்சு வாங்கும், இதயம் வேகமாக அடிக்கும், ஓய்வாக இருக்கும் உடம்பை அளக்கவே முடியாது. அத்தைக்கு அது மான அவமானப் பிரச்சினை. "தினம் நாலு தடவை மொட்டை மாடி ஏறி எறங்கறேன். எனக்கு லிஃப்டா?"

உள்ளே போனதும் எனக்கு முதலில் ஏமாற்றம், அப்புறம் குதூகலம். சினிமா பார்த்து வளர்ந்தவள் நான். ஆய்வகம் என்றால் பளபளவென்று நீல வெளிச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே இருந்தது ஒரு கட்டில், மடித்த போர்வைகள், ஒரு காலுக்கு மட்டும் செய்தித்தாள் முட்டுக் கொடுத்த ஸ்டூல், தரை முழுக்க ஒயர். கோயில் யானையைக் கட்டிப்போட்ட மாதிரி சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்திய காஸ் சிலிண்டர்கள். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மஞ்சள் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது, ஜனவரி வரை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தம்பி ஐந்தரைக்கே வந்துவிட்டார். கருவி சூடாக வேண்டும், அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து அது சரியாகப் படிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு ஒரு பரீட்சையும் உண்டு. ஆள் படுக்கும் இடத்தில் குட்டியாக ஒரு சாராய விளக்கை ஏற்றி வைக்கிறார்கள். எத்தனால் எரிந்தால் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும், எவ்வளவு கரியமில வாயு வரும் என்பது ரசாயனம் எழுதிவைத்த கணக்கு. இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.67. கருவி அந்த எண்ணைக் காட்டினால்தான் அன்றைக்குக் கடை திறக்கும். அன்று முதல் தடவை காட்டவில்லை. எங்கோ ஒரு குழாய் இணைப்பில் கசிவு. தம்பி மண்டி போட்டுத் தவழ்ந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அத்தை விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து வந்தது கூண்டு. தலையை மட்டும் மூடும் பிளாஸ்டிக் குமிழ் அது. காய்கறிக் கடையில் பழத்தின் மேல் கவிழ்த்து வைப்பார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஒரு பக்கம் காற்று உள்ளே வரும், இன்னொரு பக்கம் குழாய் இழுத்துக்கொள்ளும். உள்ளே போன ஆக்சிஜனில் எவ்வளவு குறைந்தது, கரியமில வாயு எவ்வளவு கூடியது என்பதிலிருந்து உடம்பு சும்மா கிடக்கும்போது எவ்வளவு எரிக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அரை மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது. இருமல் வந்தால் அந்த நிமிடத்துக் கணக்கு குப்பைக்குப் போகும். முதல் சில நிமிடங்களை எப்படியும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை; கூண்டுக்குள் போன புதிதில் எல்லோருக்கும் ஒரு படபடப்பு இருக்குமாம்.

எல்லாவற்றையும் விடக் கடினமான விதி: தூங்கக் கூடாது. தூங்கினால் எரிப்பு இறங்கிவிடும். காலை ஏழு மணிக்கு, மெத்தென்ற கட்டிலில், போர்வை போர்த்தி, அரை இருட்டில் படுக்க வைத்துவிட்டு ஒரு பாட்டியிடம் தூங்காதே என்றால் நடக்கிற காரியமா? பன்னிரண்டாவது நிமிடம் திரையில் கோடு மெல்லச் சரிந்தது. பதிமூன்றில் கூண்டுக்குள்ளிருந்து லேசாக ஒரு குறட்டை. "அஜ்ஜி, நித்தே மாடபேடி!" என்று தம்பி கன்னடத்தில் கிசுகிசுக்க, அத்தை கண்ணைத் திறக்காமலே, தூங்கவில்லை என்று விரலை ஆட்டினார். விரல் ஆடியதும் கோடு துள்ளியது. "போச்சு, இதுவும் கட்" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டார். என் சிரிப்பை அடக்க நான் மப்ளரைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு பாடு எதற்கு, வாய்பாடு போட்டால் வந்துவிடாதா என்று ஆய்வாளர் அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய கவரைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். அத்தையின் எடை, உயரம், வயதை 1919-இல் ஹாரிஸும் பெனடிக்டும் அமெரிக்காவில் போட்டுத் தந்த வாய்பாட்டில் வைத்தால், ஓய்வுச் செலவு ஒரு நாளைக்கு 1,074 கலோரி. 1990-இல் வந்த மிஃப்லின் வாய்பாட்டில் 917. ஐ.நா. அமைப்புகள் அறுபது தாண்டிய பெண்களுக்குப் பயன்படுத்தும் வாய்பாட்டில் 1,131. (நாம் பேச்சில் கலோரி என்பது கிலோகலோரியைத்தான்.) அதே அத்தை, அதே காலை, மூன்று பதில்கள். மேலுக்கும் கீழுக்கும் இடையே 214 கலோரி. மூன்று இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். "இதுல எந்த அத்தை உங்க அத்தை?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கவரை வாங்கிப் பத்திரப்படுத்த ஆசை. கேட்பதற்குள் அதில் டம்ளரை வைத்துவிட்டார்.

இந்த வாய்பாடுகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்களையும் நடுவயதுக்காரர்களையும்தான் அளந்தார்கள். வயதானவர்கள் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேர். அதிலும் அவர்கள் ஐரோப்பிய, அமெரிக்க உடம்புகள். நம் ஊர் உடம்புக்கு ஐ.நா. எண் கூடுதலாகக் காட்டுகிறது என்று இங்கே கொஞ்சம் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எடை ஒன்றாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு கதை. ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும், ஒரு கிலோ கொழுப்பு ஐந்தைக்கூடத் தொடாது. இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு 440. வயதாக ஆகத் தசை கரைந்து கொழுப்பு அந்த இடத்தில் உட்கார்ந்தால், தராசுமுள் அசையாமலே செலவு மட்டும் குறையும்.

இனிமேல்தான் பெரிய காட்சி. ஃப்ரிட்ஜைத் திறந்து தம்பி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். உள்ளே தண்ணீர். எடுத்த விதத்தைப் பார்த்தால் கும்பாபிஷேகக் கலசம் தோற்றுவிடும். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கொஞ்சம் டியூட்டீரியம், சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் கொஞ்சம் ஆக்சிஜன்-18 கலந்த தண்ணீர் அது. டியூட்டீரியம் நமக்கு அந்நியமில்லை. தூத்துக்குடியில் ஒரு காலத்தில் அணு உலைகளுக்காகக் கனநீர் தயாரித்தார்களே, அந்தச் சரக்குதான். விலை எகிறுவது ஆக்சிஜன்-18 பக்கத்தில். ஒரு ஆளுக்கான ஒரு மடக்குக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். நான் என் கைப்பையை அந்த மேஜையிலிருந்து மெதுவாகத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

இதை வைத்து எப்படிச் செலவை அளப்பது? நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் வருகிறார்கள். டியூட்டீரியத்துக்கு ஒரே வாசல், தண்ணீராக மட்டும்தான் வெளியேறும். சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம். ஆக்சிஜன்-18க்கு இரண்டு வாசல், தண்ணீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஆகவே அது சீக்கிரம் தீரும். இரண்டும் தீருகிற வேகத்தில் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆள் வெளியே விட்ட கரியமில வாயு. அது தெரிந்தால் எவ்வளவு எரித்தார் என்பதும் தெரிந்துவிடும். கூண்டு வேண்டாம், கட்டில் வேண்டாம், குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருக்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சனும் கூட்டாளிகளும் 1950-களிலேயே எலிகளில் செய்து காட்டிவிட்டார்கள். மனிதருக்கு வர 1982 ஆகிவிட்டது. எலிக்கு வேண்டியது சில துளி, மனிதருக்குக் குப்பியே வேண்டுமே! கருவிகள் நுணுக்கமாகி, குறைந்த தண்ணீரிலேயே கணக்குப் பார்க்க முடிந்த பிறகுதான் கை கூடிவந்தது.

அத்தை பாட்டிலைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, தீர்த்தம் மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஸ்ட்ராவில் உறிஞ்சினார். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாதியில் புரை ஏறியது.

ஐயோ! மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். அத்தையைக் காப்பாற்ற நான், பாட்டிலைக் காப்பாற்றத் தம்பி, அத்தையின் முகவாயில் வழிந்த இரண்டு துளிகளைக் காப்பாற்ற ஆய்வாளர் அம்மா. அவர் கையில் முன்கூட்டியே எடைபோட்டு வைத்த டிஷ்யூ தாள் தயாராக இருந்தது. துடைத்து, உடனே மூடிய பாக்கெட்டில் போட்டு, மறுபடி எடைபோட்டு, கூடிய எடையை அத்தை குடித்த கணக்கிலிருந்து கழித்தார். நான் அசந்துபோனேன். தும்மினால்கூட ரசீது போடுகிற இடம்! பிறகு பாட்டிலில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடிக்க வைத்தார்கள். "எப்படி இருக்கு அத்தை?" என்றேன். "காவேரித் தண்ணி மாதிரிதான் இருக்கு. இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

காபிக்கு இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். அத்தை அவர்களைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

பிறகு காத்திருப்பு. வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இந்த இடத்தில்தான் இருக்கிறது. குடித்த தண்ணீர் உடம்பு முழுக்கச் சீராகக் கலந்துவிட்டதா என்று சிறுநீரை வைத்துப் பார்க்கிறார்கள். இளைஞர்களுக்குச் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வயதானவர்களில் பலருக்குப் பை முழுசாகக் காலியாவதில்லை. பழைய சிறுநீர் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அது புதுசோடு கலந்தால் கணக்கே தடுமாறும். அதனால் முதல் பாட்டிலை ஒதுக்கிவிட்டு அடுத்தடுத்ததை வாங்குகிறார்கள், கூடுதல் நேரம் காத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு பாட்டியிடம் கூச்சமில்லாமல் எப்படிக் கேட்பது? ஆய்வாளர் அம்மா அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டு வலி, மருமகள், மாவு புளிக்காத குளிர் என்று பேசிப் பேசி, நடுவில் போகிற போக்கில் கேட்டுவிட்டார். அத்தையும் போகிற போக்கில் பதில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது சாமான்கள் தந்தார்கள். தேதி எழுதிய பாட்டில்கள், இடுப்பில் கட்ட ஒரு பெல்ட், ஒரு நோட்டு. பாட்டில்களை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்ததில் அத்தை வீட்டில் நடந்த சண்டை தனிக் கட்டுரை. பெல்ட்டில் இருப்பது அசைவை எண்ணும் சின்னக் கருவி. புடவைக்கு மேலே கட்டினால் அசிங்கம், உள்ளே கட்டினால் நழுவல். கடைசியில் பாவாடை நாடாவில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். தம்பி முன்பே எச்சரித்திருந்தார். ஒரு தாத்தா அதைப் பேரன் இடுப்பில் கட்டிவிட்டாராம். தரவு வந்து பார்த்தால் எண்பது வயதுக்காரர் மதியம் முழுக்கக் கால்பந்து ஆடியிருக்கிறார்!

கருவியைப் பழிப்பதிலும் நியாயமில்லை. கைத்தடி ஊன்றி மெல்ல நடப்பவர்களின் காலடிகளை அது அடிக்கடித் தவறவிடுகிறது. உட்கார்ந்தபடி கை மட்டும் வேலை செய்தால் இடுப்புக்கு என்ன தெரியும்? அதற்குத்தான் நோட்டு. ஒரு வாரம் கழித்து ஆய்வாளர் அம்மா வந்து அத்தையின் நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை அத்தையின் குண்டு எழுத்தில் இரண்டே சொல்: சும்மா இருந்தேன்.

"சும்மான்னா படுத்திருந்தீங்களாம்மா?"

"படுக்கறதா, பட்டப்பகல்லயா? அவரைக்காய் உரிச்சேன்."

"எவ்வளவு?"

"மூணு கிலோ. அப்புறம் ஊறவெச்சுப் பிதுக்கினேன். சீசனாச்சே!"

பெங்களூர் ஜனவரியில் அவரைக்காய் வாசம் வீசாத தெரு கிடையாது. மூன்று கிலோ காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் பிதுக்கித் தோலைத் தள்ளி, பருப்பை எடுத்து வைக்கும் வேலைக்கு அத்தையின் அகராதியில் பெயர் 'சும்மா'. ஆய்வாளர் அம்மா சிவப்பு மையில் திருத்தி எழுதினார். இன்னொரு பக்கத்தில் 'வடாம் பார்த்துக்கொண்டேன்' என்று இருந்தது. பார்த்தது மொட்டை மாடியில், இருபத்திரண்டு படி, காக்கை வரும்போதெல்லாம்.

படிகள் என்றதும் அவர் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் 70 முதல் 82 வயது வரையிலான 302 பேருக்கு இதே தண்ணீரைக் கொடுத்து அளந்து, சுமார் ஆறு வருடம் அவர்களைக் கவனித்துவந்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. நடமாட்டத்துக்காக ஒரு நாளில் கூடுதலாகச் செலவான ஒவ்வொரு 287 கலோரிக்கும் இறப்பு அபாயம் 32 சதவீதம் குறைவாக இருந்தது. அதிகம் செலவழித்தவர்கள் யார் என்று தேடினால், உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் தனியாகத் தெரியவில்லை. சம்பளத்துக்கு வேலைக்குப் போனவர்களும் படியேறியவர்களும்தான் அந்தப் பக்கம் அதிகம் இருந்தார்கள். இது அத்தை காதில் விழுந்ததிலிருந்து வீட்டில் யார் லிஃப்ட் என்றாலும் ஒரு பார்வை கிடைக்கிறது.

கடைசி நாள் பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எனக்கு உறைபெட்டி தரிசனம் கிடைத்தது. திறந்ததும் வெள்ளைப் புகை, அடுக்கடுக்காகக் குட்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் எண். அத்தனை தாத்தா பாட்டிகளும் பனியில் நிற்கிறார்கள்! பக்கத்து அறையில் நிறமாலைமானி கடகடவென்று உறுமிக்கொண்டிருந்தது. அதுதான் கனமான அணுக்களை எண்ணிச் சொல்லும் பெரியவர். அது கோபித்துக்கொண்டால் ஒரு வாரம் யாருக்கும் சோறு இறங்காதாம்.

இப்படி உலகம் முழுக்க அளந்த எண்களை வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறது. 29 நாடுகள், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயதுவரை 6,421 பேர்; 2021-இல் ஹெர்மன் பாண்ட்சரும் நிறைய சகாக்களும் அதை வெளியிட்டார்கள். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20-லிருந்து 60 வரை செலவு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. 'முப்பது தாண்டினாலே மெட்டபாலிசம் படுத்துடும்' என்று நான் இத்தனை வருடம் என் இடுப்புக்குச் சொல்லிவந்த சாக்கு அன்றோடு போயிற்று. அறுபதுக்குப் பிறகுதான் இறக்கம், வருடத்துக்குச் சுமார் 0.7 சதவீதம். தொண்ணூறைத் தாண்டியவர்களிடம் நடுவயதுக்காரர்களைவிட 26 சதவீதம் குறைவு.

அத்தையின் தாள் நான்கு மாதம் கழித்து வந்தது. கூண்டில் அளந்த ஓய்வுச் செலவு 1,010. மூன்று வாய்பாடுகளில் ஒன்றுகூடச் சரியாகத் தொடவில்லை. முழு நாள் செலவு 1,650. அத்தையின் பீரோவில், எங்கோ ஒரு கிளினிக்கில் 'வயசாயிடுச்சு, இது போதும்' என்று எழுதித் தந்த 1,200 கலோரி டயட் சார்ட் ஒன்று புடவைக்கு அடியில் கிடந்தது. ஒரு வருடமாக ஏன் எடை குறைந்துகொண்டே வந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது அந்தச் சார்ட்டின் பின்பக்கத்தில் பால் கணக்கு.

கிளம்பும்போது ஆய்வாளர் அம்மா ஒரே குறை சொன்னார். வருபவர்களெல்லாம் அத்தை மாதிரி துள்ளித் திரிபவர்கள். எண்பதைத் தாண்டியவர்கள், தடி ஊன்றுபவர்கள், வாசல் தாண்ட யோசிப்பவர்கள் வருவதில்லை. அவர்களுடைய எண்கள்தான் எல்லா ஊரிலும் பஞ்சம். உங்கள் வீட்டுப் பெரியவரை யாராவது இப்படி ஓர் ஆய்வுக்குக் கேட்டால், ஒப்புதல் தாளை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, அவருக்கு இஷ்டம் என்றால் அழைத்துப் போங்கள். துணைக்கு நீங்களும் உள்ளே போகலாம், வேடிக்கைக்குக் குறைவில்லை. பிளாஸ்க்கில் காபி மட்டும் மறக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் அது இல்லாமல் என் அத்தை மாதிரி ஒருவரைச் சமாளிக்க முடியாது.